கொடை வேறு, உரிமை வேறு

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்ப மருத்துவர் ஒருவர் காலமானால், அவரைப் பற்றி ஊரார் சொல்வது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஏழைகளிடம் காசு வாங்க மாட்டார், அர்த்த ராத்திரியில் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், பாட்டியிலிருந்து பேரன்வரை வீட்டில் அத்தனை பேரின் உடம்பும் அவருக்குத் தெரியும் என்கிறார்கள். இந்தப் புகழ்ச்சியில் பொய் இல்லை. நெஞ்சிலிருந்து வரும் நன்றிதான் அது. ஆனால் அந்த நன்றியோடு இன்னொரு கணக்கும் கூடவே ஏறிக்கொள்கிறது. இவ்வளவு நல்லவராக இருந்ததால்தான் இவருக்கு இந்த ஊரில் இடம் கிடைத்தது, வந்தவர்கள் எல்லோரும் இவரைப் போல இருந்துவிட்டால் யாருக்கு என்ன வருத்தம் என்பது அந்தக் கணக்கு. குடியேறியவரின் தாராள மனதை, அவர் அங்கே மரியாதையோடு வாழ்வதற்குச் செலுத்த வேண்டிய கட்டணமாக அது மாற்றிவிடுகிறது. அந்தக் கணக்கு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். லண்டனில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குடும்ப மருத்துவராக இருந்த, ஜமைக்காவில் பிறந்த ஹரால்டு மூடியின் வாழ்க்கை அதற்கு வலுவான சாட்சி.

அவர் 1882 அக்டோபர் 8 அன்று கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடைக்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடையில் தந்தைக்கு உதவியாக இருந்த அந்த இளைஞருக்கு மருத்துவம் படிக்க ஆசை. ஆனால் அதைப் படிக்க அந்தத் தீவில் இடமில்லை. பிரிட்டிஷ் கரீபியப் பகுதிக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியும் அதில் மருத்துவப் படிப்பும் கிங்ஸ்டனை ஒட்டிய மோனாவில் தொடங்கியதே 1948-ல்தான். ஆகவே 1904-ல் கப்பலேறி லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். தங்குவதற்கு அறை தேடிய நாளிலேயே நிறம் குறுக்கே நின்றது. படிப்பில் பரிசுகளைக் குவித்து 1910-ல் மருத்துவராகத் தேறினார். படித்த கல்லூரியின் மருத்துவமனையிலேயே பணிக்கு விண்ணப்பித்தபோது, கறுப்பு மருத்துவர் ஒருவர் அங்கே வேலை செய்யத் தலைமை நர்ஸான மேட்ரன் சம்மதிக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை. லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் வறியோர் நிவாரணத்தைக் கவனித்த வாரியமும் அவரை நிராகரித்தது. அவருடைய தகுதியில் அது குறை காணவில்லை. கறுப்பர் ஒருவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஏழை நோயாளிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்று, ஏழைகளின் வாயில் தன் வார்த்தையைத் திணித்துக் கைவிரித்தது.

அந்தக் காரணம் எவ்வளவு பொய் என்பதை அதே ஏழைகள் காட்டினார்கள். 1913 பிப்ரவரியில், கேம்பர்வெல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெக்கம் என்ற தொழிலாளர் பகுதியில் டாக்டர் மூடி சொந்தமாகக் கிளினிக் திறந்தார். அந்த ஆண்டே ஆலிவ் டிரான்டர் என்ற வெள்ளைக்கார நர்ஸைத் திருமணம் செய்துகொண்டார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். 1922-ல் குயின்ஸ் ரோடு 164-ஆம் எண் வீட்டுக்குக் குடிபெயர்ந்து, சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் கிளினிக் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி மருத்துவ வசதி நடைமுறைக்கு வந்திருந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் என்று போட்ட அந்தத் திட்டம் தொழிலாளிக்கு மட்டுமே மருத்துவரைக் கொடுத்தது. அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதில் வைத்தியம் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு டாக்டரைக் கூப்பிடுவதா, அந்தக் காசில் வாரச் சாப்பாட்டைப் பார்ப்பதா என்று பெற்றோர் தயங்கிய காலம் அது. டாக்டர் மூடி அந்தக் குழந்தைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். ஏழைகளின் டாக்டராக அவர் ஆனது அப்படித்தான். போர்க் காலத்திலும் அந்தப் பணி நிற்கவில்லை. 1944 நவம்பர் 25 அன்று நியூ கிராஸ் கடைவீதியில் ஜெர்மானிய வி-2 ராக்கெட் விழுந்து 168 பேர் மாண்டபோது, காயம்பட்டவர்களைக் காக்க விரைந்த மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு ஒரு நல்ல அஞ்சலிக் குறிப்பு கிடைத்துவிடும். வேலை மறுத்தவர்களையும் மன்னித்து, அந்த ஊருக்கே கைமாறு கருதாமல் உழைத்த உத்தமர் என்று எழுதிவிடலாம். ஆனால் அவருடைய வாழ்க்கை அங்கே நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் வேலையும் இருப்பிடமும் மறுக்கப்பட்ட கறுப்பு மாணவர்களும் நர்ஸ்களும் பயணிகளும் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் 1932-ல் ஜமைக்கக் கவிஞர் யூனா மார்சன் லண்டன் வந்தபோதும் அடைக்கலம் கிடைத்தது அந்த வீட்டில்தான். எத்தனை பேருக்கு அடைக்கலம் கொடுத்தாலும், எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினாலும் வாசலில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒருவருக்குச் செய்யும் உதவியால் அடுத்தவருக்கு நடக்கும் அநியாயம் நிற்காது என்பது அவருக்குப் புரிந்தது. 1931 மார்ச் 13 அன்று, லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூடிய கூட்டத்தில் 'லீக் ஆஃப் கலர்டு பீப்பிள்ஸ்' என்ற அமைப்பு அவர் தலைமையில் பிறந்தது. வெள்ளையரல்லாத மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுப்பது அதன் வேலை. 1933 முதல் 'தி கீஸ்' என்ற இதழையும் அது நடத்தியது. கிளினிக் நடந்த அதே வீட்டிலிருந்துதான் இந்த அமைப்பின் வேலையும் பெருமளவு நடந்தது.

லீக் எடுத்த விவகாரங்களில் கார்டிஃப் கப்பல் தொழிலாளர் விவகாரம் முக்கியமானது. அன்னிய நாட்டைச் சேர்ந்த வெள்ளையரல்லாத கடலோடிகள் போலீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1925-ல் ஓர் ஆணை வந்தது. காகிதத்தில் அது அன்னியருக்கானது. கார்டிஃப் துறைமுகத்தில் போலீஸார் அதை பிரிட்டிஷ் பிரஜைகள் மீதும் பிரயோகித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஏடனிலும் பிறந்து, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் ஒரே கையெழுத்தில் அன்னியர் ஆனார்கள். 1935-ல் கப்பல் கம்பெனிகளுக்கு அரசு மானியம் அறிவித்து, பிரிட்டிஷ் ஊழியர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் இவர்களுடைய பிழைப்பு போயிற்று. லீக் தன் ஆட்கள் இருவரை கார்டிஃபுக்கு அனுப்பி நேரில் விசாரித்து, அறிக்கையை வெளியிட்டு, அரசிடம் கொண்டுபோனது. பலருக்கு பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதி திரும்பக் கிடைத்தது. இந்தக் கடலோடிகளுக்கு நிவாரண நிதி திரட்டிக் கொடுத்திருந்தாலும் அது நல்ல காரியமாகவே இருந்திருக்கும். லீக் அதோடு நிறைவடையாமல், பறிக்கப்பட்ட தகுதியைத் திருப்பிக் கொடு என்று கேட்டது.

ராணுவ விவகாரத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1939-ல் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக வேண்டுமானால் கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. டாக்டர் மூடியின் மகன் சார்லஸ் அருண்டெல் லண்டனில் பிறந்து வளர்ந்து நல்ல பள்ளியில் படித்தவர்; அதிகாரியாகச் சேர விரும்பியபோது தந்தையின் நிறம் காரணமாக மறுக்கப்பட்டார். டாக்டர் மூடியும் லீக்கும் காலனி அலுவலகத்தை விடாமல் நெருக்கினார்கள். 1939 அக்டோபர் 19 அன்று அந்தத் தடை தளர்த்தப்பட்டது; 1940-ல் மகன் அதிகாரியானார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தந்தை திருப்தியடைந்திருக்கலாம். ஆனால் தளர்வு போர் நடக்கும் காலத்துக்கு மட்டும் என்றிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். கொள்கை சரி என்று இப்போது ஏற்றுக்கொண்டால் அது எப்போதைக்கும் சரிதானே என்பது அவருடைய கேள்வி. ஆபத்து வந்தபோது மட்டும் திறந்து, ஆபத்து நீங்கியதும் சாத்திக்கொள்ளும் கதவை அவர் நீதியாக ஏற்கவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டர் மூடியையும் உரிமை கேட்ட டாக்டர் மூடியையும் சேர்த்துப் பார்க்கும்போது அவருடைய வாழ்க்கை ஒரு தெளிவான நிலைப்பாட்டைச் சொல்கிறது. மருத்துவத்தை அவர் கொடையாகக் கொடுத்தார். உரிமையைக் கொடையாகக் கேட்கவில்லை. இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறேன், ஆகையால் என் மக்களுக்கு வேலை கொடுங்கள் என்று அவர் வாதாடவில்லை. கார்டிஃபின் கடலோடிகளில் நல்லவரும் இருந்திருப்பார்கள், குடிகாரரும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய நடத்தைச் சான்றிதழைக் காட்டி லீக் வாதிடவில்லை. அவர்கள் பிரஜைகள் என்ற ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. கொடையும் உரிமையும் ஒன்றோடொன்று பண்டமாற்று செய்துகொள்ளும் பொருள்கள் ஆகிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. திரும்ப ஏதோ கிடைக்கும் என்று கொடுப்பது கொடையாகாது. நன்னடத்தையைக் காட்டி ஒவ்வொரு நாளும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது உரிமையாகாது.

அதே காலத்தில் லண்டனில் வாழ்ந்த இன்னொரு மருத்துவர், கொடையிலிருந்து உரிமைக்குப் போகும் பாதையை நிர்வாகத்தின் வழியாகக் காட்டினார். பஞ்சாபில் பிறந்த சுனி லால் கத்தியால் கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் தொழிலாளர் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகளும் சார்லி சாப்ளினும் 1931 செப்டம்பர் 22 அன்று சந்தித்துக்கொண்டது அவர் வீட்டில்தான். பின்னர் ஃபின்ஸ்பரி பகுதிக்குப் போனவர், அங்கே தொழிற்கட்சிக் கவுன்சிலராகி, பொது சுகாதாரக் குழுவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். குடிசைகளும் காசநோயும் நிறைந்த அந்தப் பகுதியில், சிதறிக்கிடந்த மருத்துவ வசதிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து மக்களுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க ஃபின்ஸ்பரி சுகாதார மையம் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் லுபெட்கின் வடிவமைத்த அந்த மையம் 1938-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கத்தியால் ஃபின்ஸ்பரியின் மேயரானார். பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவை வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அதன் முன்மாதிரிகளில் ஒன்று இப்படி உருவானது. விடுதலைக்குப் பின் இந்தியா திரும்பிய அவர், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். அயனாவரத்திலோ கே.கே. நகரிலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இன்று ஒரு தொழிலாளி அட்டையைக் காட்டி வைத்தியம் பெறும்போது, அவர் யாருடைய கருணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த அட்டையில் இருக்கிறார்கள். 1913-ல் பெக்கமில் குடும்பத்தை விட்டுவிட்ட சட்டத்தோடு இதை ஒப்பிட்டால், இரக்கமுள்ள மருத்துவர் ஒருவர் தனியாகத் தாங்கிய சுமையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதன் பொருள் விளங்கும்.

டாக்டர் மூடி இந்த மாற்றத்தை முழுதாகப் பார்க்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய் நோயோடு திரும்பியவர், 1947 ஏப்ரல் 24 அன்று பெக்கம் வீட்டில் காலமானார். அவருக்கு இறுதி மரியாதை செலுத்த ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. பெக்கமின் குழந்தைக்கு மருத்துவர் உரிமையானார். ஆனால் அந்த மருத்துவரை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தது. பதில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இருந்து வந்தது. பெரிய போதனா மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர் பதவிகள் இவர்களுக்கு எளிதில் எட்டவில்லை. உள்ளூர் மருத்துவர்கள் போக விரும்பாத தென்வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலும், மான்செஸ்டரின் தொழிலாளர் குடியிருப்புகளிலும், கிழக்கு லண்டனிலும் குடும்ப மருத்துவர் இடங்கள் காலியாகக் கிடந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போனவர்களும் அந்த இடங்களை நிரப்பியவர்களில் உண்டு. 1980-களின் இறுதியில் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தெற்காசியாவில் பிறந்தவர். மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை, தென்வேல்ஸ் சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். அந்த விதியின் கொடுமையை நாற்பது ஆண்டுகள் தணித்தவர்களில் பெரும் பகுதியினர் வெளியிலிருந்து வந்த மருத்துவர்கள். அவர்களுடைய அர்ப்பணிப்பு உண்மை. அவர்கள் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் வேறு கதவுகள் சாத்தப்பட்டிருந்ததற்குப் பங்கு உண்டு என்பதும் உண்மை.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவுக்குப் பலியானதாக பிரிட்டனில் முதலில் பெயர் வெளியான பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். சூடான், நைஜீரியா, பாகிஸ்தான், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வேர்கொண்டவர்கள். அந்த மார்ச் 26 முதல் பத்து வாரங்கள், வியாழக்கிழமை மாலைதோறும் மக்கள் வாசலுக்கு வந்து மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். அதே வாரங்களில், வெளிநாட்டிலிருந்து வந்து விசாவில் பணியாற்றிய மருத்துவரும் நர்ஸும் தாங்கள் உழைக்கும் அதே சுகாதாரச் சேவையைப் பயன்படுத்த ஆளுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு கூடுதல் கட்டணம் செலுத்தும் விதி அமலில் இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு, மே 21 அன்றுதான் அவர்களுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. விசா முடியவிருந்தவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது. கொரோனாவால் இறந்த பணியாளரின் குடும்பத்துக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை என்ற திட்டம் முதலில் மருத்துவர், நர்ஸ் போன்ற சில பணிகளுக்கு மட்டும் இருந்தது. துப்புரவுப் பணியாளர்களும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் மே மாதம்தான் சேர்க்கப்பட்டார்கள். 1939-ன் தளர்வு போர்க்காலத்துக்கு மட்டும் என்றிருந்ததை டாக்டர் மூடி எதிர்த்த அதே காரணம் இங்கேயும் பொருந்துகிறது. உயிரைக் கொடுத்த பின் குடும்பத்துக்குக் கிடைக்கும் குடியிருப்பை உரிமை என்று அழைக்க முடியாது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது, இறந்த நல்ல மனிதரை நினைவுகூரும் நேரத்தில் இனப் பாகுபாட்டையும் விசாவையும் இழுத்துவந்து நன்றியைக் கசப்பாக்குவானேன் என்பது. வைத்தியம் பெற்ற எளிய மக்கள் அந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லையே, அவர்களுடைய அன்பை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அன்பு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. பெக்கம் மக்கள் டாக்டர் மூடியை ஏற்றுக்கொண்டதுதான் நிவாரண வாரியத்தின் சாக்கை உடைத்தது. ஆனால் வாரியம் மறுத்ததை மறைத்துவிட்டு மக்கள் ஏற்றுக்கொண்டதை மட்டும் சொன்னால், அந்த மக்கள் செய்ததன் மதிப்பே தெரியாமல் போகும். பட்டமும் பரிசும் பெற்றவர் ஏன் சொந்தக் கிளினிக்கோடு தொடங்க வேண்டியிருந்தது என்ற கேள்வி இல்லாத அஞ்சலி, அவருடைய வாழ்க்கையின் பாதியைக் கழித்துவிட்ட அஞ்சலி. உண்மை முழுதாகச் சொல்லப்படும்போது நன்றி ஆழமாகிறது. யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது தெரிகிறது.

இரண்டாவது மறுப்பு டாக்டர் மூடியின் வாழ்க்கையிலிருந்தே வருகிறது. அவரே கண்ணியத்தாலும் நன்னடத்தையாலும் வெள்ளையரின் மனதை வெல்லலாம் என்று நம்பியவர் இல்லையா? ஆம், பெருமளவு நம்பினார். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று கொண்டவர். அரசோடு ஒத்துப்போவதில் அவருக்குத் தயக்கம் குறைவு. 1934-ல் காலனி அலுவலகத்தின் ஆதரவோடு அக்ரி ஹவுஸ் என்ற மாணவர் விடுதி தொடங்கப்பட்டபோது அவர் அதை ஆதரித்தார். அது மாணவர்களைக் கண்காணிப்பில் வைக்கும் ஏற்பாடு என்று மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம் எதிர்த்தது. ஜார்ஜ் பேட்மோர் போன்ற தீவிர அரசியல் செயல்பாட்டாளர்கள் அவரை மிதவாதி என்று விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் நன்னடத்தையின் பலத்தை அவ்வளவு நம்பிய மனிதரே, அனுபவத்தின் வழியாக எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பார்க்க வேண்டும். கார்டிஃப் விவகாரமும், 1937-லும் 1938-லும் கரீபியத் தீவுகளில் வெடித்த தொழிலாளர் கிளர்ச்சிகளும் லீக்கின் குரலைக் கூர்மையாக்கின. 1944 ஜூலையில் லண்டனில் கூடிய மாநாட்டில், எல்லா இனத்தவருக்கும் சமமான பொருளாதார, கல்வி, சட்ட, அரசியல் உரிமைகளும், காலனிகளுக்குத் தன்னாட்சியும் கோரும் சாசனத்தை லீக் நிறைவேற்றியது. நல்லவராக இருப்பது போதும் என்று தொடங்கியவரே அது போதாது என்ற முடிவுக்கு வந்தார் என்பது என் வாதத்தை வலுப்படுத்துகிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வெறுப்பு மலிந்த காலத்தில், குடியேறியவர்களால் கிடைத்த நன்மையைச் சொல்லும் கதைகள் தேவைதானே? உரிமை, சட்டம் என்று பேசினால் மனம் மாறாது; என் குழந்தையைக் காப்பாற்றியவர் ஒரு ஜமைக்காக்காரர் என்ற நினைவு மனதை மாற்றும் என்கிறார்கள். இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லவே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. இந்தக் கட்டுரையே அப்படியொரு கதைதான். ஆனால் அந்தக் கதைக்கு ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் டாக்டர் தங்கமானவர், அவர் மற்றவர்களைப் போல இல்லை என்று சொல்பவர், தன் டாக்டரை விதிவிலக்காக்கி, மற்றவர்களைப் பற்றிய தன் கருத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடிகிறது. உத்தமரின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், சாதாரணமானவருக்கு இடமில்லாமல் போகிறது. நோயாளியிடம் எரிந்து விழும் நாள்களும் களைத்துப்போகும் நாள்களும் உள்ளூர் மருத்துவருக்கு உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் சமூகம், வெளியிலிருந்து வந்தவருக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. அவர் ஒரு தவறு செய்தால் அது அவர் நாட்டின் தவறாகிவிடுகிறது. சாதாரண மனிதராக வாழ அனுமதிப்பதே சமத்துவம் என்றால், உத்தமர்களைப் போற்றுவதால் மட்டும் அது வந்துவிடாது.

நான்காவதாக, இந்த மருத்துவர்களால் பிரிட்டன் பெற்றதைப் பேசும் நாம், அவர்களை இழந்த நாடுகளைப் பற்றிப் பேச வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது. டாக்டர் மூடியைப் பொறுத்தவரை, படிக்கவே கடல் கடக்க வேண்டியிருந்தவர் அவர். ஐரோப்பியர் அல்லாத மருத்துவரைப் பேரரசின் காலனிகளிலும் சமமாக நடத்தவில்லை. 1902-ல் அமைக்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மருத்துவப் பணி ஐரோப்பிய வம்சாவளியினருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் 1948-க்குப் பின் போனவர்கள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு வலு அதிகம். ஏழை நாடுகளின் வரிப்பணத்தில் படித்தவர்கள் பணக்கார நாட்டின் காலி இடங்களை நிரப்பினார்கள். நம் கிராமங்களில் இடங்கள் காலியாகவே கிடந்தன. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் மருத்துவப் பணியாளர்களை நாடு கடந்து வேலைக்கு எடுப்பதற்கு நெறிமுறை வகுத்ததற்கு இந்த இழப்பே காரணம். இது நாடுகளுக்கு இடையே தீர்க்கப்பட வேண்டிய கடன்; போன தனிமனிதரின் தலையில் அதைக் கட்ட முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவரை வரவேற்று வேலை வாங்கிக்கொண்ட நாடு, தாராளமாக இடம் கொடுத்த வள்ளலாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தகுதியை இந்தக் கணக்கு பறித்துவிடுகிறது. கொடுத்தது யார், பெற்றது யார் என்று பார்த்தால் கடன் பட்டிருப்பது அந்த நாடுதான்.

டாக்டர் மூடியின் வீட்டில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது. சிற்பியான அவருடைய தம்பி ரொனால்டு வடித்த மார்பளவுச் சிலையும் லண்டனில் இருக்கிறது. இவை இருக்க வேண்டியவைதான். ஆனால் அவரைப் போன்றவர்களைப் போற்றுவதற்குச் சிலையை விடக் கடினமான வழிகள் உண்டு. மருத்துவப் பணிக்கு அழைக்கப்படுபவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நிலையான குடியிருப்பு உரிமை முதல் நாளிலிருந்தே தெளிவாக இருக்க வேண்டும். கொள்ளைநோயோ போரோ வந்த பிறகு சலுகையாகத் தரப்படக் கூடாது. பதவி உயர்விலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் ஒரே அளவுகோல் வேண்டும். அந்த உரிமைகள் தலைமை மருத்துவருக்கு எவ்வளவோ அவ்வளவே வார்டைக் கூட்டுபவருக்கும் சேர வேண்டும். அஞ்சலி எழுதும் பத்திரிகைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. அவர் எத்தனை பேருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார் என்று எழுதும்போது, அவர் கேட்டும் கிடைக்காத பதவிகள் எவை, ஏன் கிடைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு நல்ல மருத்துவர் காசு வாங்காமல் இருப்பது அவருடைய பெருமை. அப்படி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கும் அவருக்குப் பின்னால் வரும் சாதாரண மனிதருக்கும் சட்டத்தின் முன் ஒரே இடம் இருக்க வேண்டும் என்பதைத்தான் டாக்டர் மூடி 1931 முதல் சாகும்வரை கேட்டார். அந்தக் கோரிக்கையை விட்டுவிட்டு அவருடைய இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.